ஆகாயத்திலே விட்டாலும் அளந்து விடு

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. ஓடுகின்ற ஆற்றிலே கொட்டுவதற்குக் கணக்கு எதற்கு என்று இளையோர் நகைப்பர். கொட்டியதன் அளவை அறியாதவன், இழந்ததன் அளவையும் அறியான் என்பதே அதன் உட்கருத்து. வழுக்கியாற்றையன்றி வேறோர் ஆற்றை அறியாத யாழ்ப்பாணத்திலும் இப்பழமொழி நின்று நிலவுவதற்குக் காரணம், சிக்கனத்தையே செல்வமாகக் கொண்ட நம் முன்னோரின் மனப்பாங்காகும்.

அந்தப் பாட்டிமார் இன்றிருந்தால், “ஆகாயத்திலே விட்டாலும் அளந்து விடு” என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். நாம் ஊர்விட்டு ஊர் செல்லும்போதும், நாடுவிட்டு நாடு பறக்கும்போதும், நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஆகாயத்திலே கொட்டிக்கொண்டே செல்கிறோம். அதற்குக் ‘காபன் அடிச்சுவடு’ என்று இக்காலத்து அறிஞர் பெயரிட்டிருக்கின்றனர். மணலிலே பதிந்த அடிச்சுவட்டை அலை வந்து அழித்துவிடும்; இந்த அடிச்சுவட்டின் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் கடந்தும் அழியாது நிற்கும்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எரிதல் பற்றிய பாடம். ஒரு கிலோகிராம் விமான எண்ணெய் எரிந்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு உண்டாகும் என்று கேட்டேன். “ஒரு கிலோவுக்குக் குறையத்தான், சேர்” என்றனர் பலர். மூன்று கிலோகிராமுக்கு மேல் என்று நான் கூறியபோது அவர்கள் நம்பவில்லை. ஒன்று போட்டு மூன்று எடுக்க இது என்ன மாயவித்தையா என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

மாயம் ஒன்றுமில்லை. காபனின் அணுநிறை 12. ஒட்சிசனின் அணுநிறை 16. ஒரு காபன் அணு எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. பன்னிரண்டாகப் புறப்பட்டது நாற்பத்துநான்காகி ஆகாயத்தை அடைகின்றது. எண்ணெயின் பெரும்பகுதி காபன் ஆதலால், ஒரு கிலோகிராம் விமான எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 3.16 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவருகின்றது. அவ்வாறே ஒரு லீற்றர் பெற்றோல் 2.3 கிலோகிராமையும், ஒரு லீற்றர் டீசல் 2.7 கிலோகிராமையும் தருகின்றன.

கணக்கு விளங்கியதும் மாணாக்கருக்கு உற்சாகம் பிறந்தது. “எங்கள் சுற்றுலாவைக் கணக்குப் பார்ப்போம், சேர்” என்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்று மீள ஏறத்தாழ 800 கிலோமீற்றர். ஒரு லீற்றர் டீசலில் பஸ் 4 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால் 200 லீற்றர் வேண்டும். 540 கிலோகிராம் வாயு வெளிவரும். நாற்பத்தைந்து பேர் சென்றால் ஆளுக்கு 12 கிலோகிராம். அதே தூரத்தை ஒருவர் தனியே மோட்டார்க் காரில் சென்று மீண்டால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்ற கணக்கில், அவர் ஒருவருக்கே 150 கிலோகிராமுக்கு மேல் ஆகின்றது. நிறைந்த பஸ்ஸுக்கும் வெறுமையான காருக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாம்.

அடுத்து ஒருவன், “ரொறன்ரோவிலிருந்து வருபவர்களுக்கு எவ்வளவு, சேர்?” என்று கேட்டான். வகுப்பிலுள்ளோரிற் பாதிப்பேருக்கு அங்கே உறவினர் உண்டு, எனக்கும் உண்டு. கணக்கை எழுதினோம். ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போக வர 28,000. இக்காலத்து நல்ல விமானம் ஒன்று, ஒரு பிரயாணியை 100 கிலோமீற்றர் கொண்டுசெல்ல ஏறத்தாழ 3 லீற்றர் எண்ணெய் செலவிடுகின்றது எனக் கொண்டால், 840 லீற்றர். நிறையில் 672 கிலோகிராம். வெளிவரும் காபனீரொட்சைட்டு 2,100 கிலோகிராமுக்குச் சற்று மேல். விமானம் வேறு நகரங்களில் இறங்கி ஏறி வருவதால் உண்மையான தொகை இதனினும் அதிகமாகவே இருக்கும்.

இலங்கை மக்களிற் சராசரியாக ஒருவர், சமையல், மின்சாரம், பிரயாணம், தொழிற்சாலை யாவும் சேர்த்து, ஓர் ஆண்டில் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே, ஒருவருடைய ஒரேயொரு வருகை, இங்குள்ள ஒருவருடைய ஈராண்டு வாழ்க்கைக்கு ஈடாகின்றது.

வகுப்பு அமைதியாயிற்று. அப்போது தீவுப்பகுதியிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிலே வருபவன். அவன் கேட்டது இவ்வளவுதான்:

“சேர், பிளேனிலை ஏறாதவன்ரை கிணறு ஏன் உவர்க்க வேணும்?”

இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் பார்க்கின்றேன். அன்று மணி அடித்தமைக்கு நான் நன்றி செலுத்தினேன்.

உல்லாசப் பிரயாணம் பிறந்த கதை

கேள்விக்கு மறுமொழி தேடுமுன், இந்தப் பழக்கம் எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். முற்காலத்திலே மனிதர் பிரயாணஞ் செய்தது வாணிகம் கருதி, யாத்திரை கருதி, அல்லது போர் கருதி. பார்த்துக் களிப்பதற்கென்றே கூட்டமாகச் செல்வது புகையிரதம் வந்தபின் உண்டான வழக்கம். 1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர், ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு சிலிங் வீதம் பெற்று, லெஸ்ரர் நகரிலிருந்து லப்பரோவுக்குப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தச் சிறு பிரயாணம் உலகை வளைத்த ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘கொமெற்’ என்னும் விமானம் இலண்டனிலிருந்து யோகானஸ்பேர்க்குக்குப் பறந்து, தாரை விமானங்களிலே பிரயாணிகள் செல்லும் யுகத்தைத் தொடக்கி வைத்தது. கப்பலிலே வாரக்கணக்கான தூரம் ஒரு நாட் பொழுதாகச் சுருங்கிற்று. தூரம் சுருங்கச் சுருங்க ஆசை விரிந்தது.

விரிந்த ஆசையின் அளவை இன்று அறிஞர் கணித்திருக்கின்றனர். 2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2019இல் உலகத்து உல்லாசப் பிரயாணத் தொழிலால் உண்டான வெப்ப வாயுக்கள் ஏறத்தாழ 520 கோடி தொன். உலகின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 8.8 வீதம். விமானம் மாத்திரமன்றி, ஹோட்டல், உணவு, குளிரூட்டி, வாங்கும் பொருள்கள் யாவும் இதனுள் அடங்கும். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் இத்தொகை ஆண்டுக்கு 3.5 வீதம் வளர்ந்து வந்தது. உலகப் பொருளாதாரத்தினால் வந்த வாயுக்களின் வளர்ச்சியைக் காட்டிலும் இது இருமடங்குக்கு மேற்பட்ட வேகம்.

விமானத்தால் வரும் தீங்கு காபனீரொட்சைட்டோடு நிற்பதில்லை. பத்துக் கிலோமீற்றருக்கு மேலான உயரத்தில் குளிர் மிகுதியினால், விமானம் விடும் நீராவி பனித்துகளாகி வெண்ணிறக் கோடாகத் தோன்றுகின்றது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டும் அந்த அழகிய கோடு, சில வேளைகளிலே பரந்து மெல்லிய முகிலாகி, பூமியிலிருந்து எழும் வெப்பம் வெளியேறாதபடி போர்வை போல மூடுகின்றது. இரவிலே அதன் தீங்கு அதிகம்.

தன் கிளையைத் தானே வெட்டும் தீவுகள்

நம் அயல்நாடாகிய மாலைதீவைப் பாருங்கள். 1,190 அளவிலான பவளத் தீவுகள். அந்நாட்டு நிலத்திற் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்கும் தாழ்ந்தது. 1972ஆம் ஆண்டு அங்கே முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதுவரை மீன்பிடியை நம்பி வாழ்ந்த மக்கள், இன்று உல்லாசப் பிரயாணிகளை நம்பி வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்போர் ஏறத்தாழ ஐந்து இலட்சத்துப் பதினையாயிரம் பேர். 2024இல் வந்து சென்ற பிரயாணிகளோ இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

வருபவர் அனைவரும் ஏறக்குறைய ஆகாய மார்க்கமாகவே வருகின்றனர். வந்தபின் கடல் விமானத்திலோ வேகப் படகிலோ தனித்தனித் தீவுக்குச் செல்கின்றனர். அங்கே மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல் இயந்திரம். குடிக்கும் நீருக்குக் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம். அதற்கும் அதே மின்சாரம். காய்கறியும் பழமும் கடல் கடந்து வருகின்றன. கடல் உயர்ந்தால் முதலில் மூழ்கும் நாடு, கடலை உயர்த்தும் தொழிலாலேயே சோறு உண்கின்றது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அன்றைய சனாதிபதி மொகமட் நசீட்டும் அவருடைய மந்திரிகளும் மூச்சுக் கருவி அணிந்து, கடலுக்கடியில் மேசை போட்டு மந்திரிசபைக் கூட்டம் நடத்தினர். உலகம் அதனை விநோதமாகப் பார்த்தது. ஆனால், அவர்கள் விநோதத்துக்காகக் கடலுள் இறங்கினாரல்லர்.

1998இலும் 2016இலும் கடல் வெப்பம் மிகுந்து அங்குள்ள பவளப் பாறைகள் வெளிறின. பிரயாணிகள் காண வருவதும் அப்பவளத்தையே. தீவுகளை அலையிலிருந்து காப்பதும் அப்பவளமே.

அம்மக்களைக் குறை கூறுவது எளிது. ஆயின், அத்தொழிலை விட்டால் அவர்கள் எதை உண்பர்? நம் நாட்டிலும் இதே நிலைதான். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும், 2020இல் தொற்றுநோய் வந்தபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் அவர்கள் வரவு குன்றியபோது, ஹோட்டற் பரிசாரகர் முதல் முச்சக்கர வண்டிச் சாரதி வரை எத்தனை குடும்பங்கள் அடுப்பெரியாது தவித்தன என்பதை நாம் மறக்கவில்லை. 2020இல் உலக விமானப் பிரயாணிகள் தொகை ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. ஆகாயம் தெளிந்தது; ஏழையின் அடுப்பு அணைந்தது. ஆதலின், “எவரும் எங்கும் செல்லற்க” என்பது மறுமொழியாகாது.

யார் பறக்கிறார்கள்?

பின், தீவகத்து மாணவனின் கேள்விக்கு மறுமொழி யாது? முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் உவர்ப்பதற்கு முதற் காரணம் நாமே. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் துளைகளிலே தங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இயந்திரத்தால் இறைக்கும்போது உப்புநீர் மேலேறுகின்றது. துலா மிதித்த காலத்தில் இல்லாத துன்பம் இது. ஆயின், 1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது என்பதும், அவ்வுயர்வு இப்போது முன்னைக் காட்டிலும் வேகமாக நிகழ்கின்றது என்பதும் உண்மை. கடல் உயர, அந்த நன்னீர் வில்லை இன்னும் ஒடுங்கும். நாம் செய்த தவறின்மேல் உலகம் செய்யும் தவறும் ஏறப் போகின்றது.

உலகம் என்று பொதுவாகச் சொல்வதும் சரியன்று. 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2018ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 11 வீதத்தினரே விமானத்தில் ஏறினர். பிரயாணிகள் விமானங்களால் வந்த காபனீரொட்சைட்டிற் பாதிக்குக் காரணராயிருந்தவர் உலக மக்களில் நூற்றுக்கு ஒருவரே. விமானத்தின் முன்பக்கத்து அகன்ற இருக்கையில் சாய்ந்து செல்பவர், பின்பக்கத்தில் முழங்கால் இடிக்க அமர்ந்து செல்பவரைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு வாயுவுக்குக் காரணராகின்றார். அவருடைய இருக்கை அத்தனை இடத்தை அடைத்துக்கொள்வதே காரணம்.

இன்னொன்றும் வியப்புக்குரியது. நம்மூர் விவசாயி நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வாங்கும் எண்ணெய்க்கு வரி செலுத்துகின்றான். நாடுவிட்டு நாடு பறக்கும் விமானத்தின் எண்ணெய்க்கோ பெரும்பாலும் வரியில்லை. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்திலுள்ள எண்ணெய்க்குத் தீர்வை விதிக்கலாகாது என்றது; அதன்வழி பிறந்த வழக்கம் இன்றும் நீடிக்கின்றது. இளந்தொழிலை வளர்க்கப் போட்ட பந்தல், மரம் முதிர்ந்த பின்னும் பிரிக்கப்படாமல் நிற்கின்றது.

சில நாடுகள் இப்போது விழிப்படைந்துள்ளன. இரண்டரை மணி நேரத்துக்குள் புகையிரதத்தால் அடையக்கூடிய நகரங்களிடையே உள்நாட்டு விமானம் பறத்தலாகாது எனப் பிரான்சு தேசம் 2023இல் தடை விதித்தது. ஆயின் மூன்று மார்க்கங்களே அதனால் நின்றன. ஐரோப்பிய ஒன்றியம், 2025ஆம் ஆண்டு முதல் விமான எண்ணெயில் நூற்றுக்கு 2 வீதமேனும் கழிவெண்ணெய் முதலியவற்றாற் செய்த மாற்று எண்ணெயாக இருத்தல் வேண்டுமெனவும், 2050இல் அது 70 வீதமாதல் வேண்டுமெனவும் விதித்துள்ளது. மரம் நட்டுக் கழித்துவிடலாம் என்பாரும் உளர். மரம் நடுதல் நல்லதே. ஆயின், இன்று விதைத்த பனை நம் பேரனுக்கே நுங்கு தரும். விமானமோ இன்றைக்கே புகையைத் தந்துவிட்டது.

நம்மவர் கண்ட வழி

பிரயாணத்தை அளந்து செய்தல் நமக்குப் புதிதன்று. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்காக நடந்து செல்லும் யாத்திரிகரை இன்றும் காண்கிறோம். 1914 முதல் தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்குக் கப்பலேறி, அங்கிருந்து புகையிரதத்தில் சிதம்பரம் சென்ற தலைமுறையை நம் பெரியோர் அறிவர். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, புகையிரத நிலையத்தில் கண்ணீர் விட்ட முதியோரை நான் என் கண்ணாற் கண்டேன். அந்தக் கண்ணீர் வெறும் வசதிக்காக வடிந்ததன்று.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவை, இடையிடையே நின்றும் தொடர்ந்தும் வருகின்றது. விரைவுக் கப்பலும் எண்ணெய் குடிப்பதே. கப்பல் என்ற மாத்திரத்தால் அது குற்றமற்றதாகிவிடாது. எனினும், சிதம்பரம் செல்வோன் கொழும்புக்குத் தெற்கே போய் அங்கிருந்து வடக்கே பறக்க வேண்டிய அவசியத்தை அது நீக்குகின்றது.

ஆகவே, நம்மால் இயன்றவை இவை எனலாம். அடிக்கடி சென்று சில நாளில் மீள்வதைக் காட்டிலும், அரிதாகச் சென்று நெடுநாள் தங்குதல் நன்று. புகையிரதமோ பஸ்ஸோ உள்ள இடத்துக்குக் காரைத் தவிர்த்தல் நன்று. கார் வேண்டுமாயின் நாலுபேராகச் செல்லுதல் நன்று. பறந்தே தீர வேண்டுமாயின், இயன்றவரை இறங்கி ஏறாத நேர்மார்க்கத்தைத் தெரிதல் நன்று. தரையிலிருந்து எழும்பும்போதே விமானம் மிகுதியான எண்ணெயைக் குடிக்கின்றது. வந்த விருந்தினருக்குக் கப்பலில் வந்த அப்பிளைக் காட்டிலும் நம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கொடுத்தல் எல்லாவற்றினும் நன்று.

அக்காவுக்கு எழுதிய கடிதம்

இவையெல்லாம் பிறருக்குச் சொல்ல எளிய உபதேசங்கள். என் வீட்டுக் கணக்கைச் சொல்லாது விட்டால் நான் நேர்மையுள்ள ஆசிரியனாகேன்.

கரும்பலகையில் எழுதிய அந்த 2,100 கிலோகிராம் வேறு எவருடையதுமன்று; ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையாருடையது. ஈராண்டுக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, மூன்று வாரம் தங்கிச் செல்வார். எம் தாயாருக்கு எண்பத்துமூன்று வயது. அன்று மாலை வீடு திரும்பியதும் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கணக்கு முழுவதையும் எழுதினேன். பின் அம்மா விறாந்தையில் ஊன்றுகோலோடு இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

தாயைக் காண வரும் மகளின் பிரயாணத்தையும், வாரக் கடைசியிலே கடைத்தெரு காணப் பறப்பவனுடைய பிரயாணத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. நிறை ஒன்றாயிருக்கலாம், விலை ஒன்றன்று. போரினாற் சிதறிய சமூகத்துக்கு விமானம் ஆடம்பரமன்று, அறுந்த கயிற்றுக்கு இட்ட முடிச்சு. ஆயின், அந்த முடிச்சைக் காட்டி எல்லாப் பறத்தலுக்கும் நியாயம் தேடுதலும் தகாது.

அக்காவுக்கு வேறொரு கடிதம் எழுதினேன். “வாருங்கள், அக்கா, வந்தால் மூன்று வாரத்தில் ஓடாமல், சித்திரையில் வந்து ஆவணித் திருவிழா முடிய நில்லுங்கள்” என்று. பின் என் கணக்கை எடுத்தேன். வருகின்ற விடுமுறையில் நண்பர் சிலரோடு சிங்கப்பூருக்கு ஐந்து நாள் உல்லாசமாகச் சென்று வர முன்பணம் கட்டியிருந்தேன். எவரையும் காணவன்று, போய்வந்தேன் என்று சொல்ல மாத்திரமே. அதனை நிறுத்தினேன். முன்பணத்திற் பாதி திரும்பவில்லை. நண்பர்கள் சிரித்தனர்.

ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் நின்றதால் கடல் ஒரு மயிரிழையும் தாழப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆயின், மறுநாள் வகுப்பில் அந்த மாணவனின் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்தது. “தம்பி, நீ கேட்டது சரி. ஏறாதவனுடைய கிணறு உவர்க்கக் கூடாது. ஏறுபவன் முதலில் தன் கணக்கை எழுத வேண்டும், அதன் பிறகுதான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தான்.

அக்காவிடமிருந்து பதில் வந்துவிட்டது. நாலு மாத லீவு கேட்டிருக்கிறாராம். அம்மாவுக்குக் காபனும் தெரியாது, கணக்கும் தெரியாது. விறாந்தையிலிருந்து தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றார்:

“மூத்தவள் எப்ப வாறாளாம்?”